பணமுடையை அதிகச் செலவில்லாமல் கடப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரவேண்டிய பணம் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. கட்டவேண்டியதற்கோ நாளையே கெடு. இப்படி வரவும் செலவும் நாள் பிசகுவதால் உண்டாகும் பணமுடையைப் பற்றியது இந்தப் பக்கம். சில நாளிலிருந்து மூன்று மாதம் வரை நீளும் தேவைக்கே இதில் சொல்பவை பொருந்தும். கீழே வரும் தொகைகளுக்கு நாணயம் குறிப்பிடவில்லை. எந்த நாணயத்தைப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

அவசரமாகப் பணம் வேண்டும். முதலில் யாரிடம் கேட்பது?

யாரிடம் என்பதற்கு முன்னால் எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று தெரிய வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மாத வரவையும் மாதச் செலவையும் கழித்துப் பார்த்துவிட்டு, அல்லது பதற்றத்தில் ஒரு முழு எண்ணைச் சொல்லிவிட்டு, தேவைக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள்.

ஒரு தாளில் அடுத்த 30 நாளையும் தேதிவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு தேதியிலும் வருவது, போவது, அன்று இரவு கையில் மிஞ்சுவது. மாதக் கடைசியில் என்ன மிஞ்சும் என்பது இப்போது முக்கியமில்லை. கையிருப்பு எந்த நாளில் அடிமட்டத்துக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1ஆம் தேதி காலை கையில் 6,000. அன்றாடச் செலவு நாளுக்கு 150. 5ஆம் தேதி 4,000 கட்ட வேண்டும், 8ஆம் தேதி 7,500 கட்ட வேண்டும். 12ஆம் தேதி 9,000 வரும். 8ஆம் தேதி இரவில் 6,700 குறைகிறது. ஆனால் அடிமட்டம் அதுவல்ல. பணம் வருவதற்கு முந்தைய நாளான 11ஆம் தேதி இரவில் குறை 7,150 ஆகிவிடும். 8ஆம் தேதியைப் பார்த்து 6,700 கடன் வாங்கியவர் மூன்றே நாளில் இன்னொருவரிடம் கை நீட்ட வேண்டியிருக்கும்.

இப்போது அதே தாளில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: 7,500ஐ 8ஆம் தேதிக்குப் பதில் 13ஆம் தேதி கட்டுகிறோம். 11ஆம் தேதி இரவில் கையில் 350 இருக்கும். 13ஆம் தேதி எல்லாம் கட்டி முடித்தபின் 1,550 மிஞ்சும். கடனே தேவைப்படவில்லை. குறுகிய காலப் பணமுடைக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. அதனால்தான் கடன் தருபவரைத் தேடுவதற்கு முன் கெடுவைத் தள்ளிவைக்கக்கூடியவரைத் தேடச் சொல்கிறோம்.

கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா?

கெடு தேதிக்கு முன்னால் கேட்டால் ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். தேதி தாண்டிய பிறகு உங்கள் கணக்கு வசூல் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவருக்குச் சலுகை தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது.

கேட்கும் விதமும் முக்கியம். "கொஞ்சம் டைம் கொடுங்க" என்றால் எதிரில் இருப்பவர் எதற்குச் சம்மதிப்பது என்று அவருக்கே தெரியாது. "மொத்தம் 7,500. இன்றைக்கு 1,500 கட்டுகிறேன். மீதி 6,000ஐ 13ஆம் தேதி கட்டிவிடுகிறேன். தாமதக் கட்டணம் போடாமல் விட முடியுமா?" என்று தொகையும் தேதியுமாகக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் அதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இருந்தால், அடுத்த மாத பில்லில் தாமதக் கட்டணம் வந்து நிற்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

மருத்துவமனை பில் என்றால் முதலில் ஒவ்வொரு இனத்துக்கும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில்லைக் கேளுங்கள். ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருப்பது, திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்படாமல் இருப்பது போன்றவை அதில்தான் தெரியவரும். அதன்பிறகு தவணை கேளுங்கள். கல்விக் கட்டணத்துக்கும் பல இடங்களில் தவணை உண்டு, கேட்பவர்களுக்கு மட்டும்.

கடன் தவணையே ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு முந்திக்கொண்டு வருகிறதென்றால் தவணைத் தேதியை நிரந்தரமாக மாற்றித் தரக் கேட்கலாம். ஒருமுறை செய்யும் இந்த வேலை ஆண்டுக்குப் பன்னிரண்டு நெருக்கடிகளைத் தீர்க்கும்.

எல்லாவற்றையும் கட்ட முடியாது. எதை விடுவது?

தள்ளிப்போட்டால் என்ன போகும் என்று பாருங்கள். இருக்கும் வீடு, மருந்து, சாப்பாடு, வேலைக்குப் போகும் செலவு, மின்சாரம், அடகில் உள்ள பொருளின் வட்டி ஆகியவை முதலில். சந்தாக்கள், முன்கூட்டியே கட்டும் தொகைகள், சீக்கிரம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடிகள் எல்லாம் பின்னால். அதிகமாகப் போன் செய்து மிரட்டுகிறவருக்கு முதலில் கட்டுவது இயல்பாக வரும் தவறு. குரல் உயர்ந்திருப்பதால் அந்தக் கடன் அவசரமானதாகிவிடாது.

தானாகப் பிடித்தம் ஆகும் தவணைகளில் இன்னொரு ஆபத்து. கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பினால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கட்டணம் விழும்: உங்கள் வங்கி ஒன்று போடும், கடன் கொடுத்தவர் ஒன்று போடுவார். பிடித்தம் விடியற்காலையிலேயே வரக்கூடும் என்பதால் முதல் நாள் மாலையே பணம் கணக்கில் இருக்க வேண்டும்.

டெபாசிட் இருக்கிறது. அதை உடைப்பதா, அதன் மேல் கடன் வாங்குவதா?

பெரும்பாலும் அதன் மேல் கடன், அல்லது ஓவர்டிராஃப்ட் (டெபாசிட்டை ஈடாக வைத்து, ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுத்து, வந்தபோது திருப்பிப் போடும் வசதி). கணக்கைப் பாருங்கள்.

ஓராண்டுக்கு 7 சதவீத வட்டியில் 1,00,000 போட்டு 9 மாதம் ஆகிவிட்டது. இப்போது 20,000 வேண்டும், 20 நாளில் திரும்பிவிடும். டெபாசிட்டை உடைத்தால் வங்கி 9 மாத டெபாசிட்டுக்கு உரிய வட்டியைத்தான் தரும். அது 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் அபராதமாக ஒரு சதவீதம் கழித்தால் 5 சதவீதம். 9 மாதத்துக்கு 2 சதவீதப் புள்ளி இழப்பு என்றால் 1,500 போய்விட்டது. அதே 20,000ஐ டெபாசிட்டின் மேல் 9 சதவீதத்துக்கு ஓவர்டிராஃப்டாக எடுத்தால் 20 நாள் வட்டி 99. டெபாசிட் வட்டியும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஓவர்டிராஃப்டில் எடுத்த தொகைக்கு மட்டும், எடுத்திருக்கும் நாளுக்கு மட்டும் வட்டி. கையில் 5,000 வந்ததும் போட்டுவிட்டால் மறுநாளிலிருந்து 15,000க்குத்தான் வட்டி ஓடும். ஆனால் ஏற்படுத்தும் கட்டணம், ஆண்டுக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். 99 வட்டிக்கு 500 கட்டணம் என்றால் கணக்கு மாறிவிடும்.

டெபாசிட் போட்டு ஓரிரு மாதமே ஆகியிருந்தால் உடைப்பதில் இழப்பு சிறியது. முழுத் தொகையும் பல மாதத்துக்குத் தேவை என்றாலும் உடைப்பதே நல்லது.

காப்பீட்டு பாலிசி, பங்கு, ஓய்வுக்காலச் சேமிப்பு?

சரண்டர் மதிப்பு (பாலிசியை இடையில் முடித்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் தொகை) சேர்ந்த ஆயுள் காப்பீட்டு பாலிசியின் மேல் கடன் கிடைக்கும். மாதத் தவணை இல்லை என்பதே இதன் வசதி, அதுவேதான் ஆபத்தும். யாரும் கேட்கவில்லை என்று விட்டுவிட்டால் அசலும் வட்டியும் சேர்ந்து சரண்டர் மதிப்பைத் தாண்டும் நாளில் பாலிசியே போய்விடும். பங்கு, பரஸ்பர நிதி விற்றால் பணம் பெரும்பாலும் அன்றைக்கே கைக்கு வராது. வேலை நாட்களைக் கணக்கிட்டு விற்க வேண்டும். ஓய்வுக்காலச் சேமிப்பை இருபது நாள் முடைக்காகத் தொடாதீர்கள். எடுத்த தொகையோடு, அது ஓய்வுவரை ஈட்டியிருக்கும் வட்டிக்கு வட்டியும் போய்விடும்.

இவற்றைவிட முன்னால் பார்க்க வேண்டியது உங்களுக்கே வரவேண்டிய சில்லறைப் பாக்கிகளை. அலுவலகத்தில் கொடுக்காமல் வைத்திருக்கும் பயணச் செலவு ரசீதுகள், திருப்பி அனுப்பிய பொருளுக்கு வராத பணம், வாலட்டில் தூங்கும் தொகை, பழைய வாடகை முன்பணம். சேர்த்துப் பார்த்தால் பல சமயம் பாதிக் குறை இதிலேயே அடைந்துவிடும்.

சம்பள முன்பணம் கேட்கலாமா?

கேட்கலாம். வட்டியில்லாமல் கிடைத்தால் மிக நல்ல வழி. ஆனால் 8,000 முன்பணத்தை அடுத்த மாதச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துக்கொண்டால், இந்த மாதப் பள்ளத்தை அடுத்த மாதத்துக்கு நகர்த்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நான்கு மாதத்தில் மாதம் 2,000ஆகப் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வேலை செய்த நாளுக்குரிய சம்பளத்தை முன்கூட்டியே எடுத்துத் தரும் செயலிகள் "வட்டி இல்லை" என்று விளம்பரம் செய்கின்றன. ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டா என்று பாருங்கள். சம்பளத்துக்கு 7 நாள் முன்னதாக 2,000 எடுக்க 50 கட்டணம் என்றால் 7 நாளுக்கு 2.5 சதவீதம், ஆண்டுக் கணக்கில் 130 சதவீதம். கட்டணம் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று இருந்தால், பிய்த்துப் பிய்த்து நான்கு முறை எடுக்காமல் ஒரே முறை எடுங்கள்.

நகையை அடகு வைப்பது நல்ல வழியா?

கையில் நகை இருந்து, மீட்கப் பணம் வரும் தேதியும் உறுதியாகத் தெரிந்தால், ஆம். பொருள் ஈடாக இருப்பதால் ஈடில்லாத கடனைவிட வட்டி குறைவு. வருமானச் சான்றும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். ஏழைகளைக் கொடும் வட்டியிலிருந்து காக்க 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் தொடங்கியது ஒரு அடகு நிலையம்தான். அந்த நோக்கம் உங்கள் அடகுச் சீட்டில் இருக்கிறதா என்று நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

மதிப்பிடும்போது கல், அரக்கு, மெழுகின் எடை கழிக்கப்படும். மீதி எடையை உலோகத்தின் தூய்மையால் பெருக்கி, அன்றைய விலையில் ஒரு பங்கைத்தான் கடனாகத் தருவார்கள். செய்கூலிக்கு மதிப்பில்லை. அதனால் கல் பதித்த வேலைப்பாட்டு நகையைவிட வெறும் வளையல், காசு போன்றவற்றுக்கு அதிகம் கிடைக்கும்.

தேவைக்கு ஏற்ற சிறிய நகையை வையுங்கள். பெரியதை வைத்தால் "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள், எடுத்துவிடுவோம். இரண்டு மூன்று நகை வைப்பதாக இருந்தால் தனித்தனிச் சீட்டாகப் போடச் சொல்லுங்கள். ஒரே சீட்டில் இருந்தால் முழுத் தொகையும் கட்டும்வரை எதுவும் வெளியே வராது. தனிச் சீட்டு என்றால் பணம் வரவர ஒவ்வொன்றாக மீட்கலாம்.

வட்டியை நாள் கணக்கில் போடுகிறார்களா, மாதக் கணக்கிலா? மாதக் கணக்கு என்றால் 31ஆம் நாள் மீட்கப் போனாலும் இரண்டு மாத வட்டி வாங்கிவிடுவார்கள். ஒருநாள் முன்னதாகப் போவதில் ஒரு மாத வட்டி மிச்சம். குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் வட்டி விகிதம் ஏறுமா? ஏலத்துக்கு முன் எத்தனை நாள் அவகாசம் தந்து அறிவிப்பார்கள்? ஏலத் தொகை கடனைவிடக் கூடுதலாக வந்தால் மீதி யாருக்கு? இவற்றுக்குப் பதில் சீட்டிலேயே இருக்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, தூய்மை மூன்றும் சீட்டில் எழுதப்பட்டிருக்கட்டும். கொடுக்கும் முன் தராசில் வைத்தபடியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரரிடமோ நண்பரிடமோ கைமாற்று வாங்க வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் புரிகிறது. ஆனால் கைமாற்று உறவைக் கெடுப்பது வாங்குவதால் அல்ல, தேதி சொல்லாமல் வாங்குவதாலும் தேதி தாண்டி மௌனமாக இருப்பதாலும்தான். தொகை, எதற்காக, திருப்பும் தேதி மூன்றையும் நீங்களே செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். ரொக்கமாக வாங்காமல் கணக்கு வழியாக வாங்கினால் இருவருக்கும் பதிவு இருக்கும். சொன்ன தேதியில் முழுதாக முடியாது என்று தெரிந்தால், இரண்டு நாள் முன்னதாகவே கூப்பிட்டுச் சொல்லி, அன்றைக்கு இருப்பதைக் கொடுத்துவிடுங்கள். பாதியாவது தேதியில் வந்தால் மீதிக்குப் பொறுப்பார்கள்.

கிரெடிட் கார்டில் சமாளிக்கலாமா?

பொருள் வாங்கவோ பில் கட்டவோ என்றால், ஒரு நிபந்தனையோடு. போன மாத பில்லை முழுதாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் வட்டியில்லாக் காலம் கிடைக்கும்: பில் தயாராகும் தேதிக்கு மறுநாள் செலவழித்தால் ஏறக்குறைய 50 நாள்; அந்தத் தேதிக்கு முந்தைய நாள் செலவழித்தால் 20 நாள்தான். பாக்கி வைத்திருந்தால் புதிய செலவுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடுவதுதான் பெரும்பாலான கார்டுகளின் விதி.

கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பது வேறு. எடுத்த நொடியிலிருந்து வட்டி, கூடவே எடுப்புக் கட்டணம். 3 சதவீதக் கட்டணமும் மாதம் 3 சதவீத வட்டியும் என்றால் 10,000க்கு ஒரே மாதத்தில் 600.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது எங்கே கொண்டுபோகும்? பாக்கி 10,000, மாத வட்டி 3.5 சதவீதம், கட்டியது 500. அதில் 350 வட்டிக்கே போய்விட்டது. கடன் குறைந்தது 150 மட்டும்.

இரண்டு கடன்களில் எது மலிவு என்று எப்படிப் பார்ப்பது?

விளம்பரத்திலுள்ள வட்டி விகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே கேள்வி கேளுங்கள்: "என் கைக்கு எவ்வளவு வரும்? எந்தத் தேதியில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான செலவு.

ஆண்டுக்கு 24 சதவீதம் என்று ஒரு கடன். 10,000க்கு 2 சதவீதம் பிராசஸிங் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு 9,800 தருகிறார்கள். 30 நாள் வட்டி 197. மொத்தச் செலவு 397. இதை ஆண்டு விகிதமாக்கினால் 49 சதவீதம். கட்டணம் நாளைப் பார்த்து விழுவதில்லை. அதனால் கடன் காலம் குறையக் குறைய அதன் பாரம் கூடும். குறுகிய காலக் கடனில் வட்டியைவிடக் கட்டணத்தையே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்த கண்ணி, "மாதம் ஒரு சதவீதம்தான்" என்ற நிலை வட்டி. 12,000 கடன், 12 தவணை, மாதம் 1,120. அசல் ஒவ்வொரு மாதமும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 12,000க்கும் வாங்கப்படுகிறது. குறையும் பாக்கிக்கு வட்டி என்று கணக்கிட்டால் இது 12 சதவீதம் அல்ல, ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம்.

சம்பள நாள்வரை தரும் உடனடிக் கடன்கள் ஏன் ஆபத்து என்கிறார்கள்?

இரண்டு வாரத்துக்கு நூற்றுக்கு 15 என்பது அமெரிக்காவில் இத்தகைய கடன்களுக்குப் பரவலாக உள்ள கட்டணம். கேட்கச் சிறியதாகத் தோன்றும் இது ஆண்டுக்கு 391 சதவீதம். 10,000க்கு இரண்டு வாரத்தில் 1,500. அசலைக் கட்ட முடியாமல் கட்டணத்தை மட்டும் கட்டிப் புதுப்பித்தால், நான்கு வாரத்தில் 3,000 போயிருக்கும், 10,000 அப்படியே நிற்கும்.

அரசுகள் இதில் தலையிட்டதற்குக் காரணம் உண்டு. பிரிட்டன் 2015 ஜனவரியிலிருந்து இவ்வகைக் கடனுக்கு நாளொன்றுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து வாங்கிய தொகையைத் தாண்டக்கூடாது என்று வரம்பிட்டது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வட்டிக்காரர்களுக்கு 2015 அக்டோபரிலிருந்து மாதம் 4 சதவீதம் உச்சவரம்பு. உங்கள் நாட்டில் வரம்பு என்ன, கடன் தருபவர் உரிமப் பட்டியலில் இருக்கிறாரா என்பதைக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கடன் செயலி போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பணம் தருவதற்கு முன்பே "பதிவுக் கட்டணம்", "காப்பீடு", "வரி" என்று உங்களைக் கட்டச் சொன்னால் அது மோசடி. அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், பின்னால் உங்கள் உறவினர்களுக்கு அவதூறு அனுப்பி மிரட்டுவதற்கான ஏற்பாடு அது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றும், கடன் தொகை இடையில் யார் கணக்கிலும் புகாமல் வாங்குபவர் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்றும் சொல்கின்றன. எந்த நாட்டில் இருப்பவருக்கும் இவை நல்ல சோதனைக் கேள்விகள்.

5,000 என்று சொல்லி 3,500 அனுப்பிவிட்டு ஏழு நாளில் 5,000 கேட்பது இவற்றின் வழக்கமான கணக்கு. கையில் வந்த 3,500க்கு ஒரே வாரத்தில் 1,500, அதாவது 43 சதவீதம். ஏற்கெனவே சிக்கியிருந்தால் எல்லா மிரட்டலையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொண்டு இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். உறவினர்களுக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மிரட்டலின் பலம் அதோடு பாதி குறைந்துவிடும். இது உங்கள் அவமானம் அல்ல.

ஈடு வைக்க எதுவும் இல்லை, கடன் வரலாறும் இல்லை. எனக்கு என்ன வழி?

கூட்டுறவுக் கடன் சங்கம். உறுப்பினர்களின் சேமிப்பையே உறுப்பினர்களுக்குக் கடனாகத் தரும் இந்த முறையை ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் 1864இல் ஹெடஸ்டார்ஃப் என்ற ஊரில் நடத்திக்காட்டினார். லாபம் ஈட்டுவது முதல் நோக்கமாக இல்லாததால் இங்கே சிறு கடன் மலிவு. அமெரிக்காவின் கூட்டாட்சிக் கடன் சங்கங்கள், மேலே சொன்ன 391 சதவீதக் கடனுக்கு மாற்றாகவே தரும் சிறு கடனுக்கு ஆண்டுக்கு 28 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. சில சங்கங்கள் உறுப்பினராகிச் சில மாதம் ஆன பிறகே கடன் தரும். ஆகவே முடை வருவதற்கு முன்பே சேர்ந்து வைப்பது நல்லது. வேலை செய்யும் இடத்திலேயே ஊழியர் சங்கம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

சொன்ன தேதியில் கட்ட முடியாதுபோல் இருக்கிறது.

தேதிக்கு முன் கூப்பிட்டு, மீதியைத் தவணையாக மாற்றித் தரக் கேளுங்கள். கட்டும் தொகை அசலில் கழிகிறதா, அபராதத்தில் கழிகிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்குவது ஒரே ஒரு சூழலில் சரி: புதியதின் வட்டியும் கட்டணமும் சேர்ந்து பழையதைவிடக் குறைவாக இருந்து, பழையது அன்றே முழுதாக மூடப்பட வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் இதே கதை என்றால்?

ஆறு மாதத்தில் மூன்று முறை ஒரே அளவு குறை வந்தால் அது நாள் பிசகல்ல. வரவைவிடச் செலவு கூடியிருக்கிறது. அதற்குக் கடன் தீர்வாகாது, வட்டியும் செலவோடு சேர்ந்து பள்ளத்தை ஆழமாக்கும். கெடு தேதிகளை மாற்றியும் குறை தீரவில்லையென்றால், நிலைச்செலவுகளில் ஒன்றைக் குறைக்க வேண்டும் அல்லது இருக்கும் கடன்களின் தவணைகளை நீட்டித்து மறுசீரமைக்கக் கேட்க வேண்டும். இலவசக் கடன் ஆலோசனை மையங்கள் இருக்கும் இடங்களில் நேரத்தோடு போய்விடுங்கள்.

கடனை அடைத்துவிட்டேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பாக்கி இல்லை என்ற சான்றை வாங்குங்கள். ஈடாகக் கொடுத்த காசோலைகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். கணக்கில் தானாகப் பிடித்தம் செய்யக் கொடுத்த அனுமதியை வங்கி வழியாக நீங்களே ரத்து செய்யுங்கள். கடன் முடிந்தால் அதுவும் தானாக முடிந்துவிடும் என்று இருக்க வேண்டாம். ஓரிரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு "மூடப்பட்டது" என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். "செட்டில் செய்யப்பட்டது" என்று இருந்தால் முழுதாகக் கட்டவில்லை என்று பொருளாகிவிடும். சான்றைக் காட்டித் திருத்தக் கேளுங்கள்.